பாரீசிலிருந்து வந்த படகு

ஞாயிறு, இரவு.

கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்துக்குப் போய்ப் போய்ப் பார்த்து, அங்கே நிற்கும் ஃபைபர் படகு மாதிரியே பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் நானே யோசித்துக் கட்டிய சின்னப் படகு அது. இன்று வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரின் ஆபீஸ் மேலதிகாரி, கூடத்தில் அதைப் பார்த்துவிட்டார்.

“யார் செஞ்சது இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “பாரீஸ்ல இருக்கற எங்க அண்ணன் அனுப்புனது சார்.”

“அதானே. நம்ம ஆளுங்களுக்கு இந்த நேர்த்தி ஏது?”

இவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவர் போனதும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இவரிடம் கேட்டேன். “நாப்பது வயசுல என் பொண்டாட்டி பொம்மைக் கட்டை அடுக்குறான்னு சொல்லச் சொல்றியா?” என்றார்.

படகை அலமாரிக்குள் வைக்கப் போனேன். “அங்கேயே இருக்கட்டும், பாக்க நல்லாத்தானே இருக்கு” என்றார்.

நல்லா இருக்கு என்று இவர் சொன்னது இதுதான் முதல் தடவை.