எழுத்து மேல மட்டும்

12.2.2007, திங்கள்
வேலூர் போய் வந்தோம். எழில் கையில் இருக்கிற பச்சையை லேசர் வைத்து எடுக்க இன்று முதல் தடவை. பதினாறு வயதில், ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் பச்சை குத்துகிறவளிடம் கையை நீட்டி ‘பாலாஜி’ என்று குத்திக்கொண்டு வந்தாள். அந்தப் பையன் இப்போது எங்கேயோ. ஆவணியில் இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர் கோபி.

வலி தெரியாமல் மரத்துப்போக மருந்து தரலாம் என்றார் டாக்டரம்மா. வேண்டவே வேண்டாம் என்றேன். போன ஆனியில் இவள் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். அதோடு கண் திறக்கவில்லை.

எழில் கத்தின கத்தல் வராந்தா வரை கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.

3.3.2007, சனி
கை ஆறிவிட்டது. காட்டப் போனோம். எழில் உள்ளே இருக்கும்போது நர்ஸ் பெண் ஒரு ட்யூபும் இங்கிலீஷ் சீட்டும் என்னிடம் கொடுத்து வேகமாக என்னென்னவோ சொன்னாள். “வலிக்காம இருக்கத்தான். ஊசி இல்லமா, வெறும் களிம்புதான்” என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

25.3.2007, ஞாயிறு
நாளைக்கு லேசர். அவர் படத்துக்கு ஒரு முழம் பூ கூடுதலாகவே வைத்தேன். பார்த்துக்குங்க.

26.3.2007
போளூர் ஆஸ்பத்திரி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழில் தூங்குகிறாள். மூச்சு வருகிறது — வருகிறது.

27.3.2007, செவ்வாய்
வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை ஐந்து மணிக்கே களிம்பைப் பூசினேன். எழுத்து நாலு விரல் அகலம்தான். அவள் கத்தினது காதிலேயே இருந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் மஞ்சள் பூசுகிற மாதிரி அப்பினேன். ட்யூப் காலி. ரவிக்கையில் ஒட்டாமல் இருக்க, நான் கட்டின பூவைக் கடைக்கு அனுப்பும்போது சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வாழை நாரால் கட்டினேன்.

“இவ்ளோ எதுக்குமா?”

“கம்முனு இரு. ஜாஸ்தி பூசினா கம்மியா வலிக்கும்.”

பஸ் கலசபாக்கம் தாண்டினதும், “காதுல ஙொய்னு கேக்குதுமா” என்றாள். அப்புறம், “உதடு மரத்துப்போச்சு... நாக்கு தடிக்குது.” தலை என் மடியில் சாய்ந்தது. பின்சீட்டுக்காரி, “வெறும் வயித்தோட வந்துச்சா, இல்ல மாசமா?” என்றாள். கண்டக்டர், “சோடா வாங்கட்டுமாமா?” என்றார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவ அப்பாவைக் கொண்டுபோன அதே மருந்து. இந்தத் தடவ என் கையாலயே. நாரைப் பல்லால கடிச்சு அறுத்தேன். பாட்டில் தண்ணி மொத்தமும் ஊத்தி முந்தானையால தொடச்சேன், தொடச்சேன். பஸ்ஸை நேரா ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தினாங்க.

டாக்டர் சொன்னார்: “தொடச்சது நல்லதாப் போச்சு. களிம்புனா தோலோட நின்னுடும்னு நெனச்சியாமா? கை முழுக்கப் பூசி மேல பிளாஸ்டிக்கும் சுத்தினா ரத்தத்துல எறங்கிடும். வலிப்பு வரும். நெஞ்சே நின்னுடும்.”

ஊசிக்குப் பயந்தேனே. களிம்புக்குப் பயப்படத் தெரியலையே எனக்கு?

28.3.2007
அவள் தூங்கினால் மூக்கிற்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். திட்டுகிறாள்.

15.4.2007, ஞாயிறு
கோபி வந்தார். மறைக்க முடியவில்லை, பச்சை முதல் பஸ் வரை எல்லாம் சொல்லிவிட்டேன். இந்தக் கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தேன். “அந்தப் பேரு இருந்தா இருக்கட்டுமே அத்த. அதுக்காக உயிர வுடணுமா?” என்றார்.

உள்ளே இருந்து எழில், “உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்கே வேணாம். நான் போவேன்” என்றாள்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

7.5.2007, திங்கள்
இந்த முறை கிளினிக்கிலேயே பூசச் சொன்னேன். டாக்டரம்மா சீட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னார். நானும் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னேன். அவர்கள் அளந்து தருகிற அளவு. எழுத்து மேல மட்டும். புண் மேல கூடாது. அவர்கள் கொடுக்கிற ஒட்டுத்தாள் தவிர வேறு எதுவும் சுற்றக்கூடாது. ஒரு மணி நேரத்தில் துடைத்துவிட வேண்டும்.

எழில் அப்பாவின் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முள்ளையும் அவள் உதட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நேரம் ஆனதும் நர்ஸைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வராந்தாவுக்குச் சத்தம் வரவில்லை. ‘பாலாஜி’ சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

திரும்பும்போது போளூர் வந்ததும் எழில் தலை என் தோளில் சாய்ந்தது. உலுக்கினேன். “தூங்க வுடுமா” என்றாள்.

அதே கண்டக்டர். பார்த்ததும் அடையாளம் தெரிந்து ஓடி வந்தார். “இன்னாமா, மறுபடியுமா?”

“இல்லைங்க,” என்றேன். “தூக்கம்தான்.”