மலிவுத் தடியில் ஒரு ‘டிக்’

பெப்ரவரி 3, செவ்வாய்

வாடைக் காற்று அடங்கிவிட்டது. கடல் பரவாயில்லை. காலை பாணும் பருப்பும். இடது கண்ணில் வழக்கம்போல் நீர்.

தூண்டில் தடி வந்தது. புத்தளத்துக் கடைக்காரர் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். மைத்துனன் ரிஸ்வி போய்ச் சந்தியில் எடுத்து வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியா, பிழையா என்று சொல்ல வேண்டுமாம். பிழையென்றால் திருப்பி எடுப்பாராம். நல்ல மனிதர்.

பார்த்த அளவில்:
- ஜப்பான் பெயர். அடியில் சின்ன எழுத்தில் வேறு நாடு.
- ஏழடி எட்டங்குலம். இரண்டு துண்டு, கைப்பிடிக்கு மேலே பொருத்து.
- 130 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கிறது. நமது பெரிய பொப்பர் 120. மூக்குக் குழிந்த அந்த மரப் பொய்மீன்தான். பாரை மீனுக்கு அதுதான் சரி.
- வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்தேன். எங்கும் சிக்கவில்லை.
- எங்கள் படகில் மீன் பிடிக்க வரும் வெள்ளைக்காரர் கொண்டுவரும் தடிகளின் விலையில் கால்வாசியும் இல்லை.

கடைசி விசயம்தான் பயம். போன ஏப்ரலில் முறிந்ததும் மலிவுத் தடிதான்.

மனைவி சுமையா கதவடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பெப்ரவரி 4, புதன்

வெயில். ரிஸ்வி எத்தாளைக்கு எஞ்சின் சாமான் வாங்கப் போனான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்து இழுத்துப் பார்த்தேன்.

தடியைப் படுக்க வைத்து, கைப்பிடியைத் தண்ணீர்த் தாங்கியின் காலோடு கட்டினேன். நூலின் நுனியில் மீன் தராசு. நான் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்து இழுப்பது. தலையில் ஹெல்மட், கண்ணாடி இறக்கி.

சுமையா உடுப்புக் காயப்போட வந்தாள். “பைக் எங்க?” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். ஹெல்மட்டைக் கழற்றவில்லை.

5 கிலோ, சத்தமில்லை. வளைவு அழகு. நுனி மெது, நடு விறைப்பு.
7, சத்தமில்லை.
9, டிக்.

விட்டேன். திரும்ப இழுத்தேன். 9, டிக். பொருத்துப் பக்கமிருந்து.

இதை எழுத வேண்டும். வேறு எவரிடமும் சொல்லவில்லை. போன ஏப்ரல் காலையிலும் ஒரு டிக் கேட்டது. கேட்டும் கொண்டுபோனேன். பாரை படகுக்குக் கீழே பாய்ந்தது, நான் தடியை நிமிர்த்திப் பிடித்தேன் (அதுவும் பிழை), வெடி மாதிரி ஒரு சத்தம். முறிந்த துண்டு இமையில். கண் தப்பியது. ஆனால் பனிக்குள் பார்ப்பது போல.

ஆறு மாதத்தில் தடி பிடிக்கலாம் என்று டொக்டர் சொன்னார். வீட்டில் நான் சொன்னது: டொக்டர் வேண்டாம் என்கிறார். இப்போது பத்தாவது மாதம். படகு ஓட்டுகிறேன், முடிச்சுப் போடுகிறேன். வீசுவது ரிஸ்வி. மனைவியின் தம்பி, படகில் சரிபாதிப் பங்காளி. அவனுக்குக்கூடச் சொல்லவில்லை.

பெப்ரவரி 5, வியாழன்

கரையில் ரிஸ்வி வீசிப் பார்த்தான். கொளுக்கி கழற்றிய பொப்பர். எட்டு வைத்து அளந்ததில் அறுபது போனது, வெள்ளைக்காரரின் தடியை விட ஐந்தாறு எட்டுத்தான் குறைவு. “கை நோகல்ல மச்சான்” என்றான். கைப்பிடி கமக்கட்டுக்குள் சரியாக நிற்கிறதாம்.

அவன் ஒவ்வொரு முறை வீசும்போதும் நான் பின்னால், பின்னால். கடைசியில் மீன் வாடிச் சுவரோடு முதுகு முட்டியது.

டிக் கேட்கவில்லை. வீச்சில் கேட்காது, இழுவையில்தான் கேட்கும். அதுவும் எனக்குத் தெரியும். சொன்னேனா? இல்லை.

உண்மையில் தடி பிழையா, நான் பிழையா? எல்லாத் தடியும் கொஞ்சம் முனகும் என்றுதான் பழகியவர்கள் சொல்வார்கள். பயந்தவன் கண்ணுக்குக் கயிறும் பாம்பு. ஆனால் பாம்பும் பாம்புதானே.

சனிக்கிழமை மீன் பிடிக்க ஒரு கண்டி ஆள் வருகிறார். சொந்தத் தடி இல்லை, படகிலுள்ள தடிதான் வேண்டுமாம்.

பெப்ரவரி 6, வெள்ளி

மழை மாதிரி இருட்டி, பெய்யவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்புத் தேடுகையில் ரிஸ்வி கேட்டான். “தடி சரிதானே மச்சான்? நாளைக்கி எடுப்பமா?”

“இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. அல்லாஹ் நாடினால் என்பது ஒன்று. போக விருப்பமில்லாத கலியாணத்துக்கும் கொடுக்க விருப்பமில்லாத ஏணிக்கும் சொல்வது மற்றது. நான் சொன்னது இரண்டாவது. முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் ஹெல்மட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அவன் தலையாட்டினான். எதை விளங்கினான் என்று தெரியவில்லை.

அவன் பிள்ளை பிறந்து நேற்று நாற்பது நாள் முடிந்தது.

பெப்ரவரி 7, சனி

5.15. கண் நோவு என்று சொல்லிப் படுத்துவிட்டேன். பொய். நானில்லாமல் ரிஸ்வி கண்டி ஆளோடு படகை எடுக்கிறான். “நீங்க படுங்க” என்றான்.

6.40. குசினிக்குப் பின்னால் சாத்தியிருந்த தடி இல்லை. துணிப் பையோடு கொண்டுபோய்விட்டான்.

போன் அடித்தேன். வெளிக்கடலில் சிக்னல் இல்லை.

8.10. அவன் என் சொல்லை ‘ஓம்’ என்று எடுத்துவிட்டான். டிக் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு இருக்கவில்லை. பத்துக் கிலோப் பாரை போதும். முறிந்தால், பக்கத்தில் நிற்பவனின் முகம்.

10.00. கரை. சின்னப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. பாரை கண்டீர்களா என்று கேட்டேன். அவர்கள் கண்டது சூரை.

11.30. வர வேண்டிய நேரம். வரவில்லை. ளுஹர் தொழுகைப் பாங்குக்கு இன்னும் ஒரு மணிநேரம். என் கண்ணையும் எடு, அவனை விடு என்று அல்லாஹ்விடம் கேட்டேன். அப்படியெல்லாம் கேட்கக்கூடாது.

12.50. சுமையா சோறு கட்டிக்கொண்டு வந்தாள். “ஏன் நடுங்குறீங்க?” காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தம்பி.

1.40. படகு. இரண்டு தலை. எண்ணினேன், திரும்ப எண்ணினேன்.

(மாலை.) கண்டி ஆளுக்கு ஓங்கில் (டொல்பின்) கூட்டம் பார்க்க ஆசை வந்துவிட்டதாம், அதனால் சுணக்கம். மீன் பிடித்தது கைத்தூண்டிலில். மனிதருக்கு மிகவும் சந்தோசம். தடி பைக்குள். பை வாயில் நான் போட்ட முடிச்சு போட்டபடி.

ஆள் போன பிறகு, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“உங்கட இன்ஷா அல்லாவ எனக்குத் தெரியும் மச்சான்.”

பிறகு ஏன் கொண்டுபோனாய்?

“உட்டுட்டுப் போனா, நான் வெளங்கிட்டன் எண்டு உங்களுக்கு வெக்கமா இரிக்கும் எண்டுதான்.”

கயிறு சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அடுத்ததைச் சொன்னான். “போன ஏப்ரல்லயும், தடி சரியா எண்டு கேட்டதுக்கு நீங்க அப்பிடித்தான் சொன்னீங்க. எனக்கு வெளங்கிச்சு. வெளங்கியும் பேசாம இருந்தன்.”

பத்து மாதமாக இதை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. நல்ல கண்ணிலும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

காற்று இல்லை. எல்லாம் சொன்னேன். டிக், டொக்டர், கண் நோவு. ஹெல்மட்டும். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

தடியைக் கழற்றினான். பொருத்தைத் துணியால் துடைத்து, மெழுகுதிரியைத் தேய்த்து, இறுக்கிப் போட்டான். திரும்பத் தாங்கிக் காலில் கட்டினோம். தராசை அவன் இழுத்தான். ஹெல்மட்டை எனக்கே தந்தான்.

9, இல்லை.
10, இல்லை.
12, இல்லை. மூன்று முறை.

ஆகவே தடி சரி. விலைக்கு நல்ல தடி. பொருத்துக்கு மட்டும் மாதம் ஒருமுறை மெழுகு. கடைக்காரருக்குப் போன் பண்ணி வைத்துக்கொள்கிறோம் என்றேன். இனிச் சாட்டுச் சொல்லத் தடியும் இல்லை, டொக்டரும் இல்லை.

ரிஸ்வி போகும்போது சொன்னான், “நாளைக்கிக் காலம ஆறு மணிக்கி நாம ரெண்டு பேர் மட்டும். மொத வீச்சு உங்கட.”

வாயில் வந்தது அதே சொல்தான். விழுங்கினேன். “வாறன்” என்று மட்டும் சொன்னேன்.

நாளைக் காரியத்தை அந்தச் சொல் இல்லாமல் சொல்லிவிட்டேனே என்று இப்போது அதுவும் ஒரு பயம். இங்கே எழுதிவைக்கிறேன், முதலாவது அர்த்தத்தில்: இன்ஷா அல்லாஹ்.