அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நீ எழுதாமல் போன தேர்வு

மன்னித்துக்கொள். நீளமாக எழுதினால் உனக்குப் பிடிக்காது. பேருந்தில் உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டே நான் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லித் தொலடி" என்று வண்டியே திரும்பிப் பார்க்கும்படி கேட்பாய். வாயால் சொல்ல இப்போது வழியில்லை. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

திருமங்கலத்தில் நீ வேலை பார்த்த கடையிலிருந்து இன்று மாலை ஒரு ஃப்ளெக்ஸ் வாங்கிவந்தேன். வீட்டுக்குள் அதைப் பிரித்ததும் மை வாசனை அறை முழுக்க நிறைந்தது. மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்தது போன்ற வாசனை. "தலை வலிக்குது, வெளிய கொண்டு போ" என்றாள் அம்மா. எனக்கு அது உன் துப்பட்டாவின் வாசனை. வேலை முடிந்து நீ பேருந்தில் ஏறினால், உனக்கு முன்னால் அதுதான் வந்து என் பக்கத்தில் உட்காரும்.

பன்னிரண்டாவது முடித்ததும் என் வீட்டில் முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். உனக்கும் இடம் கிடைத்திருந்தது. உன் அப்பா இறந்த வருடம் அது. அதனால் அதே பேருந்தில், அதே நேரத்தில், நீ ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாய். ஒரு நாள்கூட அதைச் சொல்லி நீ அழுததில்லை. கடைக்கதைகளைச் சொல்லி என்னைத்தான் சிரிக்க வைப்பாய்.

காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் என்றால் சொந்தக்காரர்கள் எல்லாருடைய தலையும் அதில் வேண்டும். தாய்மாமன் தலை பங்காளி தலையைவிடச் சின்னதாகப் போனால் மொய் வைக்காமல் எழுந்து போய்விடுவார். பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் போடக் கூடாது. ஆனால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் அரை நாள் மல்லுக்கட்டுவதை நீ டீ ஆறுவதற்குள் முடிப்பாய். "எல்லாரையும் ஒரு தடவ மனசுல உக்கார வச்சிப் பாத்தா, அவுகளே எடத்தப் புடிச்சுக்கிருவாக" என்பாய். நான் கணிதம் படித்தவள். அப்படி உட்கார வைக்க எனக்கு வராது.

அந்தச் சங்கத்தைக் கண்டுபிடித்ததும் நீதான். அறிவை அளந்து பார்த்து, நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள் வருகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிற சங்கம். செல்போனில் மாதிரிக் கேள்விகளைக் காட்டினாய். எழுத்து கிடையாது, கணக்கு கிடையாது. வரிசையாகச் சில உருவங்கள், கடைசிக் கட்டம் மட்டும் காலி. அங்கே எது வரும்? நான் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து முடிப்பதற்குள், "மூணாவதுடி" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிவிடுவாய்.

"ரெண்டு பேரும் எழுதுறோம்" என்றாய்.

"எனக்கு எதுக்கு? வீட்ல சிரிப்பாக."

என் வீட்டில் அறிவாளி என்பது திட்டுகிற சொல். 'பெரிய அறிவாளி, உலையில அரிசி போட்டியா?' என்றுதான் அது வரும். உனக்கும் அது தெரியும்.

"சிரிக்கட்டும். நீ வாயத் தொறக்காமயே செயிக்கிற மாதிரி உலகத்துல ஒரே ஒரு பரீட்ச இருக்கு. அதையும் விட்டுட்டு உக்காந்திருக்கப் போறியா?"

அந்தத் தேர்வை மதுரையில் வைத்தார்கள். அதுவும் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று. தேதியைக் குறித்தவர்கள் வெளியூர்க்காரர்கள். நமக்குத் தேதி தெரிந்திருந்தும், கிளம்பினால் போய்விடலாம் என்று நினைத்தோம். திருமங்கலத்தில் ஏறிய பேருந்தை மதுரைக்குள் விடாமல் பழங்காநத்தத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு ஆட்டோவும் நகரவில்லை. கள்ளழகர் வேடம் போட்டவர்கள் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து, மொட்டை போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து, ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கிக் கதவை அடைத்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நீ சொட்டச் சொட்ட நின்று அந்தக் கதவைப் பார்த்தாய். "இம்புட்டு அறிவாளிக ஒண்ணா ஒக்காந்து யோசிச்சும், அழகர் ஆத்துல எறங்குற நாளு ஒருத்தருக்கும் தெரியலையாடி?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். காவலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் நம்மூர்க்காரர்தான். நாம் இருவரும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

அடுத்த தேர்வு வருவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டாய். உன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை உன் கடையிலேயே அடித்தார்கள். எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நீ இருந்தால் அதைக் கடையை விட்டு வெளியே அனுப்பியிருக்க மாட்டாய்.

அந்த அடுத்த தேர்வுக்கு நான் தனியாகப் போனேன். படிப்பு முடிந்து கப்பலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ரப்பர் வளையங்களில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் மின்னஞ்சல் வந்தது. தேறிவிட்டேன். சோற்றுக் கையோடு செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் எண்ணுக்கு விரல் போனது. வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் மட்டும் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

நம் ஊரில் தேர்வு என்றால் அரசாங்க வேலைக்குத்தான். தேறினால் போஸ்டிங். சித்தப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்து இறங்கினால், நம் எழுமலைப் பேருந்து நிறுத்தத்தில் நான் நிற்கிறேன். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த அதே மிரண்ட கண்கள், ஆள் உயரத்துக்கு. 'உயர் பதவி ஏற்கும் எங்கள் அறிவுச்சுடரே!' கீழே சித்தப்பா தலைமையில் அத்தனை தலைகளும்.

மறுபடி பேருந்தில் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் டீக்கடையில் இருந்து சித்தப்பா கூப்பிட்டுவிட்டார்.

"வாத்தா! இவுக கேக்குறாக, எந்த ஆபீசுல போஸ்டிங்?"

"வேலை இல்ல சித்தப்பா. அது ஒரு சங்கம்."

"சங்கமா?" என்றார் ஒரு பெரியவர். "எந்தச் சாதிச் சங்கம்?"

"சாதி கிடையாது தாத்தா. அறிவ அளந்து பாத்துச் சேக்குற சங்கம்."

"சேந்தா என்ன குடுப்பாக?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாக. நம்மதான் சந்தா கட்டணும்."

கடையே சிரித்தது. "வெளங்கிரும். ஃப்ளெக்ஸக் கழட்டுங்கப்பா" என்றார் ஒருவர். சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. எனக்காக அல்ல, அவருக்காக வாயைத் திறந்தேன். நூறு பேரை எடுத்தால் அதில் இரண்டு பேர்தான் தேறுவார்கள், அதில் நான் ஒருத்தி என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நீ நம்ப மாட்டாய்.

சிரிப்பு நின்றது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா கையை நிறுத்தாமல் கேட்டார்: "நூத்துக்கு ரெண்டு பேருன்னா, நம்ம ஊர்ல இன்னும் எம்புட்டுப் பேரு இருக்கணும்? அவுகள எல்லாம் யாருத்தா போயி அளந்தா?"

எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது, அந்த மூடிய கதவுக்கு முன்னால் நனைந்து நின்ற முகம். உன்னை ஒருவரும் அளக்கவில்லை. இனி அளக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கதவு மதுரையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சங்கத்தின் கூட்டத்துக்கு நான் போனது அதைக் கேட்கத்தான். மதுரையில் ஒரு ஹோட்டல் மாடி. டாக்டர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கல்லூரிப் பையன்கள், எல்லாரும் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டார்கள். என் முறை வந்தது. பெயரைச் சொல்லிவிட்டு உட்கார உடம்பு தயாராக இருந்தது. உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

தமிழிலேயே ஆரம்பித்தேன். எனக்கு ஒரு தோழி இருந்தாள், என்னைவிட வேகமாக இந்தப் படங்களுக்கு விடை சொல்வாள் என்றேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரைக்குள் தேர்வு வைத்தீர்கள், எங்களால் வந்து சேர முடியவில்லை என்றேன். கதவுக்கு முன்னால் நீ கேட்டதை, ஒரு எழுத்து மாறாமல், உன் ராகத்திலேயே கேட்டேன்.

முதலில் டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அறையே சிரித்தது. கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் சிரித்தார், முகம் சிவந்து. "அந்தத் தேதிய வச்சது நான்தான்மா. உங்க ஃப்ரெண்ட் ஏன் வரல?" என்று கேட்டார். சொன்னேன். அவர்தான் அடுத்தும் கேட்டார்: "உங்க ஊர்ல வச்சா ஹால் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன். யாரையும் கேட்காமல், எந்த ஹால் என்று தெரியாமல், உன்னைப் போலவே.

கிடைத்துவிட்டது. நாம் படித்த பள்ளிக்கூடம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அன்று ஊரில் திருவிழா இல்லை, முகூர்த்தம் இல்லை. இரண்டையும் பார்த்துத்தான் தேதி கொடுத்தேன். அதற்கான ஃப்ளெக்ஸ்தான் இது. போன வாரமே பேருந்து நிறுத்தத்தில் ஒன்று கட்டியாயிற்று, இது பள்ளிக்கூட வாசலுக்கு. உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே வரைந்தேன். "என் தலை எங்கத்தா?" என்று சித்தப்பாவுக்கு ஏக வருத்தம். தலைகள் வருகிற இடத்தில் உருவங்களைப் போட்டு, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். 'இங்கே எது வரும்?' என்று கீழே ஒரே வரி.

பேருந்து நிறுத்தத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் நீ. களையெடுக்கப் போகிற பெண்கள் நின்று சண்டை போடுகிறார்கள். "ரெண்டாவதுதான்" என்கிறாள் ஒருத்தி. "ஒனக்குக் கண்ணு ரெண்டும் பொட்டையா? திருப்பிப் பாருடி, நாலாவது" என்கிறாள் இன்னொருத்தி. கண்டக்டர் விசில் கொடுக்க மறந்து எட்டிப் பார்க்கிறார். பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு அறை போதாமல் அடுத்த அறையையும் திறக்கிறார்கள். என் ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொன்னாரே ஒருவர், அவருடைய மகளும் எழுதுகிறாள்.

ஜெயித்துவிட்டோம்டி. இவர்களில் யாரும் தேறாவிட்டாலும் ஜெயித்துவிட்டோம். சங்கத்து அட்டையை நான் பையில்தான் வைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டுவதில்லை. அழகர் அன்று நீ சிரித்த சிரிப்பைத்தான் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பேச வேண்டிய இடத்தில் அது முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். நேற்று உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"படிக்காதவுகளும் எழுதலாமா தாயி?"

"எழுத்தே இல்லத்த, எல்லாம் படந்தான்."

"அப்ப எம்பேரையும் போடு. அவளுக்கு அந்த மூளை எங்கிட்ட இருந்து வந்துச்சா, அவுக அப்பாகிட்ட இருந்து வந்துச்சான்னு பாத்துருவோம்."

போட்டுவிட்டேன். முதல் அறையில், ஜன்னல் ஓரம். நான்தான் அங்கே மேற்பார்வை. எழுதுகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. என்னைப் பற்றிக் கவலையில்லை, பேசாமல் நிற்பது எனக்குப் பழக்கம். நீதான் நிற்க மாட்டாய். எப்படியும் வந்துவிடுவாய், உன் அம்மாவின் தோளுக்குப் பின்னால் குனிவாய், படத்தைப் பார்த்த உடனே விடை உனக்குத் தெரிந்துவிடும்.

சொல்லிக்கொடுத்துவிடாதேடி. அவராகவே எழுதட்டும்.