ராஜிக்குச் சொல்லாத சதவீதம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ராஜியின் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.

அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். வானம் கறுத்திருந்தது. "இன்னா சார், மழ வருமா?" என்றார் ஓட்டுநர். ராஜி எழுபது சதவீதம் என்றாள். நான், "வந்தா வரும், வராட்டி இல்ல" என்றேன்.

"அத நானே சொல்வேனே சார்!" அவரோடு நாங்களும் சிரித்தோம்.

இருவரும் புள்ளியியல் வாத்தியார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. எந்தச் சந்தேகத்துக்கும் நம் நம்பிக்கையை ஓர் எண்ணாகச் சொல்லலாம், தகவல் வர வர மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. திரும்பத் திரும்ப நடப்பவற்றுக்கு மட்டும்தான் சதவீதம் என்பது என் கட்சி.

"என் கட்டிக்கு எவ்வளவு சொல்வீங்க?" என்றாள், மெதுவாக.

பழக்கதோஷம். "அது கேன்சரா இல்லையாங்கறது ஏற்கெனவே முடிவான விஷயம். அதுக்குச் சதவீதம் கிடையாது" என்றேன்.

"நீங்க என்ன நினைக்கறீங்கன்னுதான் கேட்டேன்."

மந்தைவெளியில் வீட்டு வாசலில் இறங்கினோம். மழை வரவில்லை.

ஊசி போட்ட டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியபோதே எனக்குள் ஒரு பெரிய எண் விழுந்துவிட்டது. நான் அவள் கட்சிக்கு மாறிவிட்டேன். அதை அவளிடம் மட்டும் சொல்ல முடியாது.