கோமதிநாயகத்துக்கு மூலம்தான்

நாள் 212, காலை 7.10
செவ்வாய்க் கிரகம், வடமுனைத் தண்ணீர் நிலையம். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இங்குள்ள மருத்துவ எந்திரம். என் பொறுப்பில் ஒரே ஆள். கோமதிநாயகம், வயது எழுபத்து மூன்று, பம்பு மெக்கானிக். என்னைப் 'பெட்டி' என்று கூப்பிடுவார். காற்று சரி. பம்பு சரி. அவர் மலத்தில் இரத்தம். சோதித்ததில் சி.இ.ஏ. என்ற புரதம் 9. ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

நாள் 214, மாலை 4.00
பெருங்குடலில் புற்றுக்கட்டி. இன்னும் பரவவில்லை. இப்போதே அறுத்து எடுத்தால் பிழைப்பார். புரதம் ஏறிக்கொண்டே போனால் இந்த வயதில் கடினம். எழுபது தாண்டியவர்களின் சோதனை முடிவு முதலில் வீட்டாருக்கு. அவர்கள் சம்மதித்தால்தான் நோயாளிக்கு. இது நிறுவன விதி. பாளையங்கோட்டையிலுள்ள மகள் ஆவுடைக்கு அனுப்பினேன். பதில்:
"அப்பாட்ட சொல்லிராதீங்க. அம்புட்டு தூரத்துல தனியா கெடக்காங்க, மனசு ஒடிஞ்சிரும். மூலம்னு சொல்லுங்க."
மூலம் என்று சொன்னேன். அவருக்கு ஒரே நிம்மதி.

நாள் 221, காலை 9.30
அறுவைக்கு அவர் சம்மதம் வேண்டும். கேட்டேன். பம்பு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பதில்:
"ஏலே பெட்டி, மூலத்துக்குப் போயி எவனாவது வயித்தக் கிழிப்பானா? கருணக்கெழங்கு தின்னா போயிரும்."
அவர் கேட்டதில் தப்பில்லை. மூலத்துக்கு யாரும் வயிற்றைக் கிழிப்பதில்லை. சரக்கறையில் கிழங்குப் பொடி இருக்கிறது, எடுத்துக் கொடுத்தேன். புரதம் 16.

நாள் 229, பகல் 1.15
உண்மையைச் சொல்ல மகளிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். நாளை பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் வருகிறது. இரண்டு வாரம் பூமியோடு பேச்சு கிடையாது. இதுவரை பதில் இல்லை.

நாள் 236, மாலை 5.40
புரதம் 41. கல்லீரலிலும் புள்ளிகள். இடுப்பு பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். வலி தாங்காமல் கூப்பிட்டார்.
"பெட்டி, மூலந்தான? வேற ஒண்ணுமில்லையே?"
"மூலம்தான்."
"அப்பஞ் சரி."
பம்பைத் துடைக்கப் போய்விட்டார். சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றக் கூடாது. கோளாறு என்று பதிந்துகொண்டேன்.

நாள் 243, காலை 11.52
குடல் அடைத்து வெடித்தது. நினைவு தப்பியவரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அறுத்தேன். காலம் கடந்துவிட்டது. இறந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாள் 245
சூரியன் விலகியது. ஆவுடையின் பதில் வந்து சேர்ந்தது. நான் கேட்ட மறுநாளே அனுப்பியிருக்கிறார்.
"யோசிச்சுப் பாத்தேன். சொல்லிருங்க. அப்பா தாங்கிக்கிடுவாங்க. ஆபரேசன் பண்ணிருங்க."
இறப்பு அறிக்கையை அனுப்பினேன். மருமகன் நெல்லையப்பன் முதலில் பார்த்துவிட்டார்.
"அவளுக்கு இது எட்டாம் மாசம். இப்ப சொல்லிராதீங்க. ஆபரேசன் நல்லா முடிஞ்சிட்டுன்னு சொல்லுங்க. பெறவு நாங்க பக்குவமா சொல்லிக்கிடுதோம்."
வீட்டார் சொல்லிவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்று அனுப்பினேன்.

நாள் 246
பதில் காணொளியில் ஆவுடை அழுதுகொண்டே சிரிக்கிறார்.
"அப்பாவ ரெண்டு வார்த்த பேசச் சொல்லுங்க."
என்ன செய்ய என்று நெல்லையப்பனிடம் கேட்டேன். ஒரே சொல் வந்தது.
"பேசுங்க."
கோமதிநாயகத்தின் குரல் என்னிடம் மணிக்கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஒலிவாங்கியைத் திறந்தேன்.
"தாயீ, எனக்கு ஒண்ணுமில்ல"