கிளம்பியவர்களைக் கூப்பிட்டது

கட்டுமாவடி
12.5.1956

ஆத்தாவுக்கு இருளாயி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

புதன்கிழமை வாசல் பெருக்கும்போது, கரையில் கண்ணாடிபோல நாலைந்து சொறிமீன் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். அவை கிடந்தால் அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது; மேலே பட்டால் தடித்து எரியும். இந்தப் பங்களாவை வாடகைக்கு எடுத்து வருகிறவர்களிடம் அதைச் சொல்வதும் என் வேலைதான். கூச்சத்தில் அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் இங்கே தங்கியிருந்த திருச்சி அம்மா மகளோடு கடலுக்குப் படி இறங்கிவிட்டார்கள். கிளம்பினவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பீர்களே, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிள்ளைக்குக் காலெல்லாம் தடித்துவிட்டது. "இங்கேயே இருக்கிறவ, ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். வெந்நீர் ஒத்தடத்தில் வலி குறைந்தது. கவலைப்படாதீர்கள். ஆனாலும் அது அழுதது என் காதிலேயே இருக்கிறது. நேற்று அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மாமா இந்தப் பக்கம் வந்தால் நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். இங்கே எல்லாம் கரிக்கிறது.

இன்றும் கரையில் சொறிமீன் கிடந்தது. புதிதாக வந்த குடும்பம் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் துண்டோடு படி இறங்கியது. நான் பின்னாலேயே ஓடி, "நில்லுங்க" என்று கூப்பிட்டேன்.

இருளாயி