நிழல் இல்லாதவனின் ஆறாம் பாகம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் காமிக்ஸில் இரண்டாம் பக்கத்துக்கு வண்ணம் முடிந்தது. மூன்றைத் திறப்பதற்குள் ஆசிரியர் கீழே இறங்கி வந்துவிட்டார். அவர் எங்கள் தளத்துக்கு வந்தாலே எதையோ வெட்டப்போகிறார் என்று அர்த்தம். கத்திரி என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஐந்து தொடர்களின் நாயகர்களைச் சேர்த்து எட்டு இதழ்களில் ஒரே கதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்களை அவர்கள் நிழலைப் பிடித்து இழுத்து முழுங்குகிற ‘விழுங்கி’யை எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டும். ஆறாம் பாகம் எங்களுடையது. அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் நாயகன் கம்பியாள் ஒழிய வேண்டுமாம். அத்தோடு அவனுடைய தொடருக்கும் மூடுவிழா.

“ஏற்கெனவே செத்தவனை எப்படி சார் சாகடிக்கிறது?”

“அது உங்க அக்கா தலைவலி. ஏழாம் பாகத்துல பாறைக்கை அவனுக்காக அழுற பக்கம் ரெடியா இருக்கு. அதுல ஒரு கோடு மாறக் கூடாது.”

பாறைக்கை மேல்மாடி ஓவியர்களின் நாயகன். இந்த அலுவலகமே அவன் முஷ்டியில் நிற்கிறது. கீழே நாங்கள் இரண்டே பேர். அக்கா எழுதி வரைகிறாள். மை, வண்ணம், வசன எழுத்து, அச்சுக் கோப்பு எல்லாம் நான்.

ஜூன் 4, புதன்

அக்கா அழவில்லை. உட்கார்ந்து பென்சில் சீவினாள். ஏழு பென்சில்.

“நானே முடிச்சு வைக்கிறேன்டா. வேற எவன் கையிலயும் அவன் சாக வேண்டாம்.”

“ஆறு வருஷம் வரைஞ்சிட்டு, கத்திரி சொன்னா தலையாட்டிடுவியா?”

“மேல போய்க் கத்தச் சொல்றியா? அதுக்குத்தான் உன்னைப் பெத்துப் போட்டிருக்காங்களே.”

சுவரில் முதல் இதழ் அன்று அவள் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. கம்பியாள்: கம்பத்தில் வேலை பார்க்கும்போது ஷாக் அடித்துச் செத்த லைன்மேன். மின்கம்பி மேல் மட்டும் நடப்பான். ஆபத்தில் இருப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிவான். எடை உண்டு. நிழல் கிடையாது.

எலெக்ட்ரிகல் படித்தவன் நான். எடை உள்ளவனுக்கு நிழல் எப்படி இல்லாமல் போகும் என்று ஆறு வருடமாகக் கேட்கிறேன். “பேய்க்கு எதுக்குடா உன் பாடப்புத்தகம்?” இதுதான் ஆறு வருடப் பதில்.

ஆனால் அவனை விட மாட்டேன். எப்படி என்று தெரியாது. விட மாட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

ஐந்தாம் பாகம் கடைக்கு வந்துவிட்டது. மேல்மாடி வரைந்தது. கம்பியாள் அதில் ஆறு பக்கம் வருகிறான். நாலு கட்டத்தில் அவனுக்கு நிழல்! அதில் ஒன்று முழுப்பக்கப் படம். காலடியிலிருந்து தெரு முனைவரை நீட்டிப் போட்டிருக்கிறார்கள்.

படியேறிப் போனேன். அங்கே மூத்த ஓவியர் மீசை. எட்டுப் பேர் பார்க்கக் கத்தினேன்.

“அண்ணே, ஆறு வருஷமா பக்கத்துலயே ஒரு பேய் இருக்கு. அதுக்கு நிழல் இல்லேன்னு ஒரு நாள்கூட கண்ணுல படலையா?”

“நீ அனுப்பின மாடல் ஷீட்டைப் பாத்துத்தான் தம்பி போட்டேன்.”

“சும்மா சாக்கு சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். நியாயம் என் பக்கம்.

ஜூன் 7, சனி

அந்த மாடல் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் தீரும்.

மாடல் ஷீட் என்பது ஒரு நாயகன் முன்னால், பின்னால், பக்கவாட்டில் எப்படி இருப்பான் என்று மற்ற ஓவியர்களுக்கு அனுப்புகிற தாள். போன வருடம் அக்காவோடு நடந்த சண்டையில், நிழல் இருந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் பார் என்று காட்டுவதற்காக அந்தத் தாளின் கணினிக் கோப்பிலேயே தனி லேயராக, வேண்டாதபோது அணைத்துவைக்கிற அடுக்காக, ஒரு நிழல் வரைந்தேன். அவள் பார்க்கவே மாட்டேன் என்றாள். நான் அதை அழிக்கவில்லை. அழிக்காததுகூடப் பரவாயில்லை, அணைக்கவாவது செய்திருக்க வேண்டும். அப்படியே மேலே அனுப்பியிருக்கிறேன். என் கையால்.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“ஆறு வருஷச் சண்டைய அச்சுல ஏத்தி ஜெயிச்சிட்டியேடா பாவி.”

அப்புறம் சிரிப்பு நின்றது. “மேல போ. எத்தனை பேர் முன்னாடி கத்தினியோ, அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வா.”

போனேன். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர்தான் இருந்தார்கள். எட்டாவது ஆள் டீ குடித்துவிட்டு வரும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்: “தப்பு என்னோடதுண்ணே. ஷீட்டுல நிழல் இருந்துச்சு. நான் வச்சதுதான்.”

மீசை தலையைத் தூக்கவில்லை. “சரி, அந்த ஸ்கேலை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். முடிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

வாசகர் தபால். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் முதல் இதழிலிருந்து எழுதுகிறவர். கார்டில் இரண்டே வரி: “பேய்க்கு நிழல் வந்திருக்கிறது. ஒன்று, அது நம்ம ஆள் இல்லை. இல்லாவிட்டால் அந்த நிழல் அவனுடையது இல்லை. எது என்று அடுத்த இதழில் சொல்லவும்.”

நான் சத்தமாகப் படித்தேன். அக்கா பென்சிலை வைத்துவிட்டாள்.

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“அவனோடது இல்லடா,” என்றாள். “கடன் வாங்கின நிழல்.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். விழுங்கி ஆட்களைப் பிடிப்பதே நிழலை வைத்துத்தான். நிழல் இல்லாத கம்பியாளை அவனால் தொடவே முடியாது. கத்திரியின் திட்டத்திலேயே அந்த ஓட்டை இருக்கிறது! அதனால் கம்பியாள், விழுங்கி துரத்துகிற ஒரு நர்ஸின் நிழலை அவிழ்த்துத் தன் காலில் முடிந்துகொள்கிறான். ஐந்தாம் பாகத்தில் தெருமுனைவரை நீள்வது அதுதான். ஆறாம் பாகத்தில் விழுங்கி அதைப் பிடித்து இழுக்கிறான், முழுங்குகிறான். பாறைக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கம்பியாள் கரைந்து போகிறான். நர்ஸ் நிழல் இல்லாமல், ஆனால் உயிரோடு வீட்டுக்கு நடக்கிறாள்.

விழுங்கி தின்றது நர்ஸின் நிழலை. கம்பியாளை அல்ல.

திட்டத்தில் ஒரு வரி மாறவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பதினோரு பக்கம் முடிந்தது. இன்னும் பதினொன்று. முதுகு போய்விட்டது.

கடைசிக் கட்டத்தில் அவனைக் காட்ட வேண்டும் என்று நான். கூடாது என்று அவள்.

“ஆபத்து தீந்துபோச்சுடா. இனிமே அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். பாறைக்கைக்கும் தெரியாது, படிக்கிறவனுக்கும் தெரியாது.”

“அப்ப இருக்கான்னு எப்படித் தெரியும்?”

அவளுக்கும் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கடைசிக் கட்டம். அக்கா வரைந்து கொடுத்தாள். விடிந்த தெரு, இரண்டு கம்பம், நடுவே ஒரு கம்பி, வேறு ஒன்றும் இல்லை. கம்பி அழகாக வளைந்து தொங்குகிறது. மை போட உட்கார்ந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

“அக்கா, அவன் இதுல நிக்கிறானா இல்லையா?”

“நிக்கிறான்.”

“அப்ப கம்பி இப்படித் தொங்காது.”

சும்மா தொங்குகிற கம்பி சீராக வளையும். அதன் மேல் ஓர் ஆள் நின்றால், நிற்கிற இடத்தில் மடங்கும். இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நேராகிவிடும். இது பாடப்புத்தகம். எடை உண்டு என்று சுவரில் எழுதியது அவள்.

அறுபத்தைந்து கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கோணம் வந்தது. அழித்து, ஸ்கேல் வைத்து இழுத்தேன். இரண்டு கோடு. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சனியனே,” என்றாள். அவள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

ஜூன் 20, வெள்ளி

கத்திரியின் அறை. இருபத்திரண்டு பக்கமும் புரட்டினார். கடைசியில் நின்றார்.

“இதுல யாருமே இல்லையே.”

பேசாமல் இருந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். எனக்கு அது வராது.

“இருக்கான் சார். கம்பியைப் பாருங்க.”

மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். கத்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பாறைக்கை அழுறது மாறாதே?”

“மாறாது. அவனுக்குத்தான் தெரியாதே.”

“தொடர் முடிஞ்சதுதான். அதுல பேச்சே கிடையாது.”

“சரி சார்.”

கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இதழ் வெளிவந்தது. அக்காவுக்கு நோட்டுப்புத்தக அட்டை வரைகிற வேலை. எனக்கு மேல்மாடிக்கு வசன எழுத்து. “டமார்” என்று இன்று மட்டும் முப்பது தடவை எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

லிஃப்ட் மெக்கானிக்கின் கார்டு: “கம்பி மடங்கியிருக்கு. கீழே நிழல் இல்லை. நம்ம ஆள்தான். நன்றி.”

ஜூலை 11, வெள்ளி

இன்று ஒரே கட்டாகத் தபால். ஏழெட்டுக் கார்டில் எழுத்தே இல்லை. நடுவில் மடங்கிய ஒரு கோடு, அவ்வளவுதான். கத்திரி அவற்றை எடுத்துக்கொண்டு மேலே போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

ஜூலை 17, வியாழன்

காலை பத்தரைக்கு மீசையிடமிருந்து போன்.

“தம்பி, மாடல் ஷீட் ஒண்ணு வேணும்.”

“யாரோடதுண்ணே?”

“யாரோடதா? எட்டாம் பாகம், கடைசிப் பக்கத்துல உங்க ஆள் வர்றான். கத்திரி இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. பாத்து அனுப்பு, இந்தத் தடவை என்னைக் கத்த வைக்காதே.”

கோப்பைத் திறந்தேன். நிழல் லேயரை இந்தத் தடவை அணைக்கவில்லை. அழித்தேன். அனுப்பினேன்.

பின்னால் அக்கா நோட்டு அட்டையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நான்காவது பென்சில்.